ராயப்பேட்டை வழியாக உகாண்டா

என் தம்பி தங்கராஜ் என்னைச் சென்னைக்கு அனுப்பியது ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டு வருவதற்காக. அவன் அப்படிச் சொல்லவில்லை. "அண்ணே, நீங்க ஒரு எட்டு போயி பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றுதான் சொன்னான். கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் பேப்பரைப் பார்க்கச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். குறை கண்டுபிடி, திருப்பி அனுப்பு.

பேப்பருக்குச் சொந்தக்காரி அவனுடைய ஒரே மகள் ஹெப்சிபா. நர்ஸ். உகாண்டாவின் வடக்கே ஒரு மிஷன் மருத்துவமனைக்கு மிஷனரியாகப் போக ஒப்புக்கொண்டு, புறப்படும் முன் எடுக்க வேண்டிய பயிற்சிக்காக அடையாற்றில் தங்கியிருந்தாள். வேண்டாம் என்று தங்கராஜால் நேராகச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் மிஷனரி ஆதரவுச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஊரார் பிள்ளைகள் எங்கெங்கோ புறப்படும்போதெல்லாம் மேடையேறி, பிள்ளையைக் கொடுக்கிற பெற்றோரின் பாக்கியத்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசியவன். இப்போது தன் முறை வந்தபோது அந்தப் பேச்சு அவனுக்கே உதவவில்லை. ஒரு பேப்பர் குறைந்து காரியம் நின்றுபோனால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. கடவுளுக்கும் பதில் சொல்ல வேண்டாம். தூதரகத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

"ராத்திரி உறக்கமே இல்லண்ணே" என்று கடைசியாகச் சொன்னான். அதனால்தான் கிளம்பினேன்.

எனக்குச் சென்னைதான் வெளிநாடு. மயிலாப்பூரில் என் பழைய சகா வைத்தியநாதன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. எழும்பூரில் ஆட்டோக்காரரிடம் விலாசத்தைச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மைலாப்பூரா? அங்க மெட்ரோக்குத் தோண்டிக்கினு கீறாங்க நைனா. காலைல இருக்குற ரோடு சாயங்காலம் இருக்காது."

"அப்போ எப்படிப் போவீங்க?"

"போய்க்கினே பாக்கலாம்."

கொள்கை முடிவு எதுவுமின்றிப் புறப்படும் இந்தத் துணிச்சல் அரசுத் துறைகளில் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தேன். ஒரே கோயில் கோபுரத்தை மூன்று பக்கங்களிலிருந்து தரிசித்துவிட்டு, கடைசியில் ஒரு இரும்புத் தகட்டுச் சுவருக்கு முன்னால் இறக்கிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தியின் வீடு. கண்ணுக்குத் தெரிகிறது; போகத்தான் வழியில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன்.

வைத்தி நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு அடையைப் பிய்த்தான். "கொழந்தை நல்ல காரியத்துக்குன்னா போறா. அதுல போயி குத்தம் கண்டுபிடிக்க உன்னை அனுப்பிச்சிருக்கானா உன் தம்பி? எங்காத்துல தங்கிண்டு இந்த வேலைய நீ பண்ணப்படாது."

"பேப்பர் சரியாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"உன்கிட்ட வந்து எந்தப் பேப்பர்டா சரியா இருந்திருக்கு?"

அவன் மனைவி இன்னொரு அடையைப் போட்டார். அவியலில் தேங்காய் எங்கள் ஊர் அளவுக்கு இல்லை. ஆனால் காப்பி, பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலும் கிடைக்காத காப்பி. குறிப்பில் பதிவு செய்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அடையாற்றில் மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய வீட்டில் பயிற்சி நடந்தது. அதை நடத்துபவர் கிரேஸ் அக்கா. அறுபதைத் தாண்டியவர், புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி. ஆப்பிரிக்காவில் பல ஆண்டு இருந்துவிட்டு வந்தவர் என்றார்கள். அவரைவிட மூத்தவனான நானும் அக்கா என்றே கூப்பிட வேண்டியதாயிற்று. அங்கே அதுதான் பதவிப் பெயர்.

ஹெப்சி ஓடி வந்து, "பெரியப்பா, சாப்பிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே என் கைப்பையை வாங்கினாள், நாற்காலியைத் துடைத்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள், மின்விசிறியைப் போட்டாள். எல்லாம் நான் உட்காருவதற்குள்.

பேப்பர்களைக் கேட்டேன். உறை உறையாகக் கொண்டுவந்து வைத்தாள். காவல்துறைச் சான்று, நர்ஸிங் பதிவு, மருத்துவப் பரிசோதனை, அழைப்புக் கடிதம். என் கடைசி நம்பிக்கை இனிஷியலில் இருந்தது. தமிழ்நாட்டில் பிறந்தவர் யாருக்கும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த ஒரு இடத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு.

"அதுக்கு அஃபிடவிட் எடுத்துட்டேன் பெரியப்பா. நோட்டரி கையெழுத்தோட ரெண்டு காப்பி இருக்கு" என்றாள்.

இப்படிக் குறையற்ற ஒரு பேப்பர்க் கட்டு என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. வந்த காரியத்தை நினைத்தபோது எரிச்சலாகவும் இருந்தது.

கிரேஸ் அக்கா என் முகத்தைப் படித்துவிட்டார். "பேப்பர்ல ஒண்ணும் இல்ல சார். ஆனா ரெண்டு விஷயம் பாக்கி. ஒண்ணு, அவளுக்கு இந்த வாரம் ஒரு பரீட்சை முடியணும். இன்னொண்ணு, வீட்டுல ஒருத்தர் எங்க முன்னாடி வாயால சம்மதம் சொல்லணும். கையெழுத்து வேண்டாம். கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் அழுறவங்கள நான் நெறைய பாத்துட்டேன்."

கையெழுத்து வேண்டாம் என்று சொன்ன ஒரு அலுவலரை அன்றுதான் முதன்முதலில் சந்தித்தேன்.

பரீட்சை என்னவென்று கேட்டேன். உகாண்டாவில் அந்த ஊர் மொழியைப் புத்தகம் இல்லாமல் வீட்டுக்காரர்களிடமிருந்தே கற்க வேண்டும். அதற்கு ஒத்திகையாக, சென்னையிலேயே தெரியாத மொழி பேசும் ஒரு குடும்பத்துக்குத் தினமும் அனுப்புவார்கள். ஹெப்சிக்கு ராயப்பேட்டையில் உர்தூ பேசும் ஒரு வீடு. போன வாரமே போகத் தொடங்கிவிட்டாள்; இந்தத் திங்களும் செவ்வாயும் மட்டும் ஊசிக்கும் கடைக்குமாக விடுப்பு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். அங்கே தமிழோ ஆங்கிலமோ பேசக்கூடாது. பிரசங்கம் கூடவே கூடாது. வாரக் கடைசியில் அந்த வீட்டுக்காரம்மாதான் மதிப்பெண் போடுவார். அவர் தேறவில்லை என்று சொன்னால், ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வர வேண்டும்.

"அந்த அம்மாவுக்கு நீங்கள் யாரென்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம எப்படி சார்? அவங்க வீட்டுல பேசக் கத்துக்க வர்றோம். மத்தது பேச வரலைன்னு மொத நாளே சொல்லிட்டுத்தான் போறோம்."

அன்று மத்தியானம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஹெப்சியோடு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு வந்திருந்தார். விதிமுறையை நான் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எங்கள் முறை போய்விட்டது. ஊசி போட்ட டாக்டர், இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார். ஹெப்சி அதற்குள் அங்கே ஒரு கிழவருக்குச் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பயிற்சி வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கிரேஸ் அக்கா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இன்னைக்கு யார்கிட்ட என்ன வாங்கினே?" லஞ்ச ஒழிப்புத் துறை ஆட்கள் கேட்கிற கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன் பஸ்ஸில் ஒருவர் இடம் கொடுத்ததைச் சொன்னான். ஒரு பெண் பூக்காரியிடமிருந்து ஒரு முழம் வாங்கிக்கொண்டதைச் சொன்னாள். ஹெப்சி யோசித்தாள். "ஊசி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிரேஸ் அக்கா சிரிக்கவில்லை.

செவ்வாயன்று தி.நகர். உகாண்டாவுக்குக் கொசுவலை, வெள்ளைச் சீருடை, கெட்டியான செருப்பு. அரசுப் பேருந்தில் ஹெப்சிக்கு இலவசம், எனக்கு டிக்கெட். "பெரியப்பா, உங்களுக்கும் சேத்து நான் ஏறியிருக்கேன்னு வச்சிக்கிடுங்க" என்றாள். கண்டக்டர் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டிருந்தால் நானே ஆட்சேபித்திருப்பேன்.

துணிக்கடையில் கூட்டம் எங்களைப் பிடித்து இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது. நாங்கள் கீழ்த்தளத்துக்குத்தான் வந்திருந்தோம். கடைப் பையன்கள் எல்லோரும் எங்கள் பக்கத்துப் பேச்சு. ஒருவன் ஹெப்சியைப் பார்த்து, "அக்கா திருநெல்வேலியா? கல்யாணத்துக்கா?" என்றான்.

"இல்ல, உகாண்டாவுக்கு."

"மாப்பிள்ளைக்கு அங்கயா வேலை?"

"எனக்குத்தான் வேலை."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெயில் ஊர்னா காட்டனே எடுத்துக்கிடுங்க" என்றான். அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது அதுதான். அவன் மடித்துக்காட்டிய துணிகளையெல்லாம் ஹெப்சி திரும்ப மடித்து அடுக்கப்போனாள். "விடுங்கக்கா, சூப்பர்வைசர் என்னத் திட்டுவாரு" என்று அவன் பிடுங்கிக்கொண்டான்.

புதன்கிழமை அவளோடு நானும் ராயப்பேட்டைக்குப் போனேன். அரசு மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு சந்து. அதற்குள் ஒரு பச்சைக் கதவு. பஷீர் பாய், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் சமையல் மாஸ்டர். அவர் மனைவி நூர்ஜஹான்தான் ஹெப்சியின் ஆசிரியை. ஹெப்சி அவரை நூர் சாச்சி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டாள். ஐம்பது வயதிருக்கும். எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

"பைட்டோ" என்று கட்டிலைக் காட்டினார். உட்காருங்கள் என்று பொருள். நான் உட்கார்ந்தேன். ஹெப்சியும் உட்கார்ந்தாள், காப்பி ஆறும் நேரம்கூட இல்லை. உள்ளே குழாயடியில் கிடந்த பாத்திரங்கள் அவள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான். சத்தம் மட்டும் கேட்டது.

முன்னறையில் பஷீர் பாய் எனக்கு டீ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சமோசா வந்தது, வாங்கிக்கொண்டேன். கொத்துக்கறிக் கீமா வைத்த இன்னொன்று வந்தது. அதற்கும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. தலைக்குத் தலையணை தந்தார்கள். ஓர் அரசு அலுவலர் வாழ்நாளெல்லாம் கற்றுத் தேர்வது இதைத்தான்: கொடுப்பதைக் கொடுக்கிற முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது. நான் வாங்கியதெல்லாம் டீ வரைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னா சார், உங்க பொண்ணு வேலை செய்றத பாத்தா என் ஆளுங்க ரெண்டு பேர நிறுத்திடலாம் போலக் கீதே" என்றார் பஷீர் பாய். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிரேஸ் அக்கா வந்தார், வாரத்தின் நடுவில் எப்படிப் போகிறது என்று கேட்பதற்கு. நூர்ஜஹான் எங்கள் எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"நல்ல பொண்ணு. வேலைல தங்கம். ஆனா நான் பாஸ் பண்ண மாட்டேன்."

ஹெப்சியின் கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"போன வாரத்துலேர்ந்து வருது. என்கிட்ட ஒண்ணு வாங்கல. டீ குடுத்தா நக்கோ. பழம் குடுத்தா நக்கோ. வேணாம்னு சொல்ற அந்த வார்த்தை மட்டும் எங்க ஆளு மாதிரியே வருது. மிச்சதுக்கெல்லாம் கைதான் பேசுது, வாய் பேசல. பூண்டு உரிக்குது, பெருக்குது, அலம்புது. பக்கத்து வூட்டுக்காரி என்னைக் கேக்குறா, புது வேலைக்காரிக்கு எவ்ளோ சம்பளம்னு. வூட்டுக்கு வந்த பொண்ண வேலைக்காரின்னு கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

"சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றார் கிரேஸ் அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹெப்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நந்தனம் தாண்டியதும் வெடித்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன் பெரியப்பா? ஒரு வீட்டுக்குப் போயி சும்மா உக்காந்து தின்னுட்டு வரவா நர்ஸுக்குப் படிச்சேன்?"

"அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது."

"அதெப்படி உக்காருவேன்? பாத்திரம் கெடக்கு."

அவள் எங்கிருந்து இப்படி வந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். வாளியைத் தூக்கத் தெரிந்த வயதிலிருந்து ஹெப்சி அதில் குழம்பு ஊற்றுகிறவள். பந்தியில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் போனபிறகு, அடுப்புப் பக்கம் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்த்து, இந்தப் பிள்ளை ஊழியத்துக்கென்றே பிறந்தது என்று எல்லோரும் மெச்சினோம். முதலில் மெச்சியது தங்கராஜ்.

ஆக, தேடி வந்த குறை கிடைத்துவிட்டது. என் பங்கில் ஒரு சிரமமும் இல்லை. தம்பிக்குப் போன் செய்து, "நிம்மதியாகத் தூங்கு, ஒரு வருஷம் தள்ளிப்போகும்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. போனில் சார்ஜ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் இருந்தது. வைத்தி கேட்டான், "என்னடா, காரியம் ஆச்சா?" ஆயிற்று என்றேன். "அப்போ ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுண்டிருக்கே?" என்றான்.

வியாழக்கிழமை பச்சைக் கதவுக்குள் நுழையும்போதே அவள் முகம் வாடியிருந்தது. வீம்பாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். டீ வந்தது, வாங்கிக்கொண்டாள், மருந்து குடிப்பவளைப் போலக் குடித்தாள். டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பழக்கம். உள்ளே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு நடுங்கியது. ஊசிக் காய்ச்சல், டாக்டர் சொன்ன தேதி தவறாமல் வந்துவிட்டது. கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்தோம். அவர் டாக்டரைக் கேட்டுவிட்டு, எதிர்பார்த்ததுதான், மாத்திரை கொடுத்துப் படுக்க வையுங்கள், வெயிலில் அலைய விடாதீர்கள் என்றார். நூர்ஜஹான் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உள்ளறைக் கட்டிலில் கிடத்தினார். "சாச்சி, நான் அடையாறுக்கே போயிடுதேன்" என்று ஹெப்சி தமிழில் முனகினாள்.

நூர்ஜஹான் விரலை உதட்டில் வைத்தார். தமிழ் கூடாது. காய்ச்சலுக்காகப் பரீட்சை விதியைத் தளர்த்த அவர் தயாராக இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

நானும் பஷீர் பாயும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஹெப்சியின் குரல், குழந்தைப் பேச்சு மாதிரி.

"பானி."

"பானி க்யா?" என்று, தண்ணீர் என்னவாம் என்ற பொருளில், நூர்ஜஹானின் குரல்.

கட்டில் கிரீச்சிட்டது.

"பானி... ஹோனா."

பஷீர் பாய் என் முழங்கையை இடித்தார். "ஹோனான்னா வேணும். இத்தினி நாள்ல இன்னிக்குத்தான் சார் வேணும்னு சொல்லுது."

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. பஷீர் பாய் ஒவ்வொன்றையும் எனக்கு மொழிபெயர்த்தார். போர்வை வேணும். இந்தப் போர்வை வேணாம், குத்துது. ஃபேனை நிறுத்துங்க. கால் வலிக்குது. கொஞ்சம் உட்கார வையுங்க. போகாதீங்க, இங்கேயே இருங்க. மத்தியானம் கஞ்சி வந்தது. அதில் உப்பில்லை என்று அவள் சொன்னாள். காய்ச்சலில் நாக்குத் தெரியாது என்று நூர்ஜஹான் சொன்னார். நாக்கு நல்லாத்தான் இருக்கு, கஞ்சியிலதான் உப்பில்லை என்று அவள் திருப்பிச் சொன்னாள். நூர்ஜஹான் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, சத்தமாகச் சிரித்து, உப்பை எடுக்க வந்தார்.

"என் பொண்டாட்டி சமையல்ல உப்பு இல்லேன்னு நான் சொன்னது கிடையாது சார். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து" என்றார் பஷீர் பாய், தாழ்ந்த குரலில்.

எத்தனையோ நாள் பாத்திரம் கழுவிக் கிடைக்காத மொழி, ஒரு மத்தியானம் படுத்துக் கிடந்ததில் வந்துவிட்டது. இதற்கு எந்தக் கையேட்டிலும் விதி இல்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியதும் ஹெப்சி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சிக் கிண்ணம் பக்கத்தில் கிடந்தது. அவள் கை அதன் பக்கம் போனது, நின்றது, மடிக்குத் திரும்பியது. கிண்ணத்தை நூர்ஜஹான் எடுத்துக்கொண்டு போனார். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்த பார்வையில், உடம்பு வலியைவிடப் பெரிய வலி தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஓய்வு. சனிக்கிழமை கிரேஸ் அக்கா முன்னால் நூர்ஜஹானும் ஹெப்சியும் பேசினார்கள். எனக்குப் புரிந்தவரை, உலகத்தில் எந்த ஊர்க் கஞ்சி சிறந்தது என்பதைப் பற்றி. ஹெப்சி திணறினாள், கையை ஆட்டினாள், வார்த்தை கேட்டாள், வாங்கினாள், மறுபடி சண்டைபோட்டாள். நடுவில் ஒரு தட்டு பேரீச்சம்பழம் வந்தது. பேசிக்கொண்டே முழுவதையும் தின்றாள்.

"பாஸ்" என்றார் நூர்ஜஹான். "ஆனா கஞ்சி விஷயத்துல தப்பு."

"இனி வீட்டுச் சம்மதம்" என்று கிரேஸ் அக்கா என்னைப் பார்த்தார். ஹெப்சியும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதே அதற்கு ஆதாரம்.

வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, ஏதாவது குறை இருக்கா?"

"ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருத்தர் நேரில் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுப்ப மாட்டார்கள்."

"அப்ப நீங்க..."

"நான் சரி என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அது என் செக்‌ஷன் இல்லை. வண்டி ஏறி நீ வா."

ஞாயிறு காலை தங்கராஜ் வந்து இறங்கினான். சபைக்குப் போய்விட்டு நேராக ராயப்பேட்டை. பொண்ணோட அப்பா வந்தால் சாப்பாடு எங்க வீட்டில்தான் என்று நூர்ஜஹான் உத்தரவு போட்டிருந்தார். பஷீர் பாய் அன்று வேறு ஆர்டர் எடுக்கவில்லை. பாய் விரித்து, நடுவில் பிரியாணி, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பான தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. எங்கள் பக்கம் பிரியாணி என்ற பெயரில் தாளித்த சோற்றைக் கொடுத்துவிடுவார்கள். இதில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது.

தங்கராஜ் உட்கார்ந்தான். தண்ணீர் ஜாடி காலியாக இருப்பதைப் பார்த்ததும் எழுந்தான். ரத்தம் எங்கே போகும்?

"பைட்டோ" என்றார் நூர்ஜஹான். அவனுக்கு உர்தூ தெரியாது. ஆனால் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஊரு எவ்ளோ தூரம்?" என்று அவனைக் கேட்டார்.

"தெரியலம்மா. மேப்புல பாத்தா ஒரு சாண்தான் இருக்கு."

"பயமா?"

தம்பி என்னைப் பார்த்தான். கிரேஸ் அக்காவைப் பார்த்தான். மகள் பக்கம் திரும்பவில்லை. எத்தனை மேடைகளில் எத்தனை பெற்றோருக்குத் தைரியம் சொன்னவன். சோற்றைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றான்.

ஹெப்சியின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"எனக்கும்தான்" என்றார் நூர்ஜஹான். "என் பொண்ணு சவுதில, தம்மாம்ல கீது. புருஷன் வேலைக்குப் போயிட்டா நாலு சுவத்துக்கு நடுவுல தனியா. போன வருசம் அதுக்குக் காய்ச்சல். பக்கத்து வூட்டுல யாரோ ஒரு பிலிப்பைன்ஸ்காரி. அவ பேச்சு இதுக்குத் தெரியாது, இது பேச்சு அவளுக்குத் தெரியாது. அவதான் மூணு நாளு சோறு ஊட்டியிருக்கா. பேரு கூட எனக்குத் தெரியாது அவ பேரு." கரண்டியை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் வெக்கவா?"

"போதும்மா" என்று தம்பி கையால் தட்டை மறைத்தான்.

"வாங்கிக்கிடுங்கப்பா" என்றாள் ஹெப்சி.

கையை எடுத்தான். தட்டு நிறைந்தது. குனிந்துகொண்டே சாப்பிட ஆரம்பித்தான். மிளகாய் கடித்தவனைப் போல மூக்கை உறிஞ்சினான். பச்சடியில் மிளகாய் இல்லை.

கிரேஸ் அக்கா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விடாமல், "சார், நீங்க வாயால சொல்லணும்" என்றார்.

வாயில் சோறு இருந்தது. அவன் மென்று விழுங்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பஷீர் பாய் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார். குடித்தான். முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தான்.

"போயிட்டு வரட்டும்" என்றான்.

இத்தனை பெரிய உத்தரவு, தேதியும் முத்திரையும் இல்லாமல் அமலுக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஹெப்சிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டை நீட்டி, உர்தூவில், தால்ச்சா கேட்டாள்.